பழைய செட்டிநாட்டு வீட்டுல சூட்டையும் கரண்ட் பில்லையும் குறைக்கிறது எப்படி: எதுக்கு அப்புறம் எது

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பழைய வீடுகள்ல ரிப்பேரும் வயரிங்கும் எடுத்துப் பண்றேன். வர்ற போன்ல பாதி ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும், "அண்ணே, வீட்டுக்கு சோலார் போட்டு மேல ரெண்டு ரூமுக்கு ஏசி மாட்டணும், எவ்வளவு ஆகும்?"னு. நான் திருப்பிக் கேக்குறது "ஓடு கடைசியா எப்ப மாத்துனீங்க?". அதுக்கும் சோலாருக்கும் என்னய்யா சம்பந்தம்ங்கிற மாதிரி எதிர்ப்பக்கம் அமைதியாயிடும்.

சம்பந்தம் இருக்கு. ஒழுகல், காத்து, வெயில், வயரிங், ஃபேன், ஏசி, கடைசில சோலார், இதுதான் வரிசை. பின்னாடி இருந்து ஆரம்பிச்சவங்க ஒரே வேலைக்கு ரெண்டு தடவ காசு குடுக்குறத பாத்துக்கிட்டே இருக்கேன், ஏன்னா வீட்டோட தேவைய குறைக்காம சோலார் போட்டா 5 கிலோவாட் வேணும்பாங்க, குறைச்சிட்டுப் பாத்தா 2 கிலோவாட்டே போதும்னு வரும். கீழ இருக்கது பூரா ஏற்கெனவே நிக்கிற பழைய வீட்டுக்குத்தான், புதுசா கட்டுறவங்களுக்கு வேற கணக்கு.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில வேணும்கிறது

ஒரு வருஷத்து ஈபி பில், அதாவது ரெண்டு மாசத்துக்கு ஒண்ணுன்னு 6 பில். சர்வீஸ் நம்பர போட்டா ஆன்லைன்லயே பழைய ரீடிங் தெரியும். ஒரே ஒரு பில்ல வச்சு முடிவு பண்ணாதீங்க, கல்யாணமோ படைப்போ (முன்னோர்களுக்குப் படைக்கிற கும்பிடு) நடந்த ரெண்டு மாசம் எகிறித்தான் இருக்கும்.

அடுத்தது பங்காளிங்க சம்மதம். இத கடைசில பாத்துக்கலாம்னு விட்டு, சாமான் வந்து இறங்கினப்புறம் "பொது முற்றத்துல யாரக் கேட்டு கை வச்சே"ன்னு வேலை நின்ன வீடு நிறைய. கூரை, முற்றம், முகப்பு இதெல்லாம் பொதுவுல இருந்தா எல்லாப் புள்ளிக்கிட்டயும், அதாவது பங்குள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கிட்டயும், எழுத்துல வாங்கிருங்க, வாட்ஸாப் மெசேஜா இருந்தாக்கூட சரி. அப்படியே சர்வீஸ் யார் பேர்ல இருக்குன்னும் பாருங்க, பாதி வீட்டுல இன்னும் ஐயா பேர்லதான் இருக்கும். பேர் மாத்த நாள் ஆகும், அந்த மனுவ இன்னிக்கே குடுத்துருங்க, கடைசி ஸ்டெப்புல அது உதவும்.

சாமான்னு பாத்தா துப்பாக்கி மாதிரி இருக்குமே அந்த லேசர் தெர்மாமீட்டர், ரெண்டு சாதா தெர்மாமீட்டர், ப்ளக்குல சொருகுற வாட் மீட்டர், சாக்பீஸ், ஒரு பாக்கெட் ஊதுபத்தி. ஊதுபத்தி எதுக்குன்னு மூணாவது ஸ்டெப்புல வருது.

1. முதல்ல மீட்டரப் படிங்க

கரண்ட் எங்க போகுதுன்னு தெரியாம எத மாத்தினாலும் குருட்டு அடிதான். டிஜிட்டல் மீட்டர்ல சின்ன சிவப்பு லைட் ஒண்ணு சிமிட்டிக்கிட்டு இருக்கும், பக்கத்துலயே யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல்னு அச்சடிச்சிருப்பாங்க. நிறைய மீட்டர்ல 3200ன்னு இருக்கும். அப்படி இருந்தா ஒரு நிமிஷத்துல எத்தனை தடவ சிமிட்டுதோ அத 18.75ஆல பெருக்குங்க, அந்த நேரத்துல வீடு எத்தனை வாட் இழுக்குதுன்னு வந்துரும். 4 தடவ சிமிட்டினா 75 வாட், 16 தடவன்னா 300 வாட்.

இத ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம், ஃபேன் லைட்டு ஃப்ரிட்ஜு எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒரு தடவ பண்ணுங்க. அப்பவும் சிமிட்டுதுன்னா எதோ ஒண்ணு திருட்டுத்தனமா இழுக்குது. பழைய இன்வெர்ட்டர், கேமரா பெட்டி, செட்டாப் பாக்ஸ், இதெல்லாம் சகஜம். ஒவ்வொண்ணா புடுங்கிப் பாருங்க. எல்லாத்தையும் புடுங்கியும் நிக்கலைன்னா வயர்ல லீக்கேஜ் இருக்கலாம், அத எலக்ட்ரீசியன் பாக்கணும், தள்ளிப்போடாதீங்க.

வருஷத்துல முக்காவாசி நாள் பூட்டிக் கெடக்குற வீடுன்னா இந்த ஒரு ஸ்டெப்புலயே பாதி வேலை முடிஞ்சிரும். ஆள் இல்லாத வீட்டுல 60 வாட் ஓயாம ஓடினா ரெண்டு மாசத்துல 86 யூனிட். ஃப்ரிட்ஜ காலி பண்ணி கதவத் திறந்து வச்சு நிறுத்துங்க, கேமராவுக்கு மட்டும் தனி லைன் விட்டுட்டு மத்தத மெயின்லயே அணைங்க, வீட்டப் பாத்துக்கிறவர்கிட்ட எந்த சுவிட்ச் எதுக்குன்னு போர்டு மேல தமிழ்ல எழுதி ஒட்டிட்டுப் போங்க.

வீட்டு டாரிஃப்ல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்ங்கிறது முக்கியமான கோடு, அதத் தாண்டினா தாண்டின யூனிட்டுக்கு மட்டும் ரேட்டு ஏறாது, கீழ் ஸ்லாப்ல இருந்த மலிவு ரேட்டும் போயிரும். உங்க பில் 520, 560ன்னு நிக்குதுன்னா கொஞ்சம் குறைச்சாலே பலன் பெருசாத் தெரியும்.

2. ஒழுகல நிறுத்துங்க

ஈரம் ஏறின சுவரும் கூரையும் சூட்ட வேகமாக் கடத்தும். அதோட ஒழுகுற கூரை மேல வெள்ளையடிக்கிறது, பேனல் போடுறது எல்லாமே திரும்பப் பிரிக்கப் போற வேலை. அதனால கை வைக்கிற வேலைல இதுதான் முதல்ல.

எங்க ஒழுகுதுன்னு ஐப்பசி கார்த்திகை மழையிலயே உள்ள நின்னு சாக்பீஸால சுவர்ல குறிங்க. கோடையில வந்து தேடினா ஒண்ணும் தெரியாது. ஒழுகுற இடத்துக்கு நேர் மேல ஓட்டை இருக்கும்னும் நினைக்காதீங்க, தண்ணி கைமரத்து (ஓட்டத் தாங்குற சாய்வு மரம்) வழியா இறங்கி நாலடி தள்ளி சொட்டும்.

ஓட்டுக் கூரைன்னா முதல்ல பாக்க வேண்டியது முற்றத்தோட நாலு மூலை. ரெண்டு சரிவு சேர்ற கூடல்வாய்ல மொத்தத் தண்ணியும் வந்து விழும், அங்க போட்ட தகரம் துருப்புடிச்சிருக்கும், இல்ல வேப்பிலைச் சருகு அடைச்சு தண்ணி ஓட்டுக்கு அடியில ஏறியிருக்கும். அடுத்தது குரங்கு நகட்டின ஓடு. நாட்டு ஓட்ட பிரிச்சு மேயத் தெரிஞ்ச ஆள் கொறைஞ்சிட்டாங்க, தெரிஞ்ச ஆள் கிடைச்சா சரிவு பூராவையும் ஒரே மூச்சுல பண்ணிருங்க, அங்கங்க ஒட்டுப் போடுறதுக்கு ஏறி இறங்குறதுலயே பத்து ஓடு உடையும்.

மொட்டை மாடி மெட்ராஸ் டெரஸா இருந்தா, அதாவது தேக்கு உத்திரம், கட்டை, மேல செங்கல் அடுக்கி சுண்ணாம்புச் ஜல்லி போட்டதா இருந்தா, விரிசலுக்கு சிமெண்ட் கலவை ஊத்தாதீங்க. இதுதான் நான் பாக்குறதுலயே அதிகமா நடக்குற தப்பு. சுண்ணாம்பு ஈரத்த உள்ள வாங்கி வெளிய விடும், சிமெண்ட் அந்த வழிய அடைச்சிரும், ஈரம் வேற பக்கம் இறங்கி உத்திரத்தோட தலைய அரிக்கும், சுவர்ல உப்புப் பூத்து பூச்சு உதிரும். சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்து, கடுக்காய்த் தண்ணி விட்டு அடைங்க. கைப்பிடிச் சுவர்ல அரசங்கன்னு முளைச்சிருந்தா மேல வெட்டி விட்டா போதாது, வேரோட எடுத்துட்டுப் பூசணும், இல்லேன்னா அடுத்த மழைக்கே தழைச்சு நிக்கும்.

3. காத்து போற வழியத் திறங்க

இந்த வீடுகள்ல முன்வாசல்ல நின்னு பாத்தா முகப்பு, பட்டாலை (முன் ஹால்), வளவு (முற்றமும் அதச் சுத்தி இருக்க தாழ்வாரமும் அறைகளும்), ரெண்டாங்கட்டு, அடுப்படி தாண்டி பின்வாசல் வரைக்கும் நேரா தெரியும். கீழ காத்து இந்த நேர்கோட்டுல ஓடும், சூடான காத்து முற்றம் வழியா மேல போயிரும். ரெண்டும் சேந்துதான் வேலை செய்யும், ஒண்ண அடைச்சா இன்னொண்ணும் மந்தமாயிரும்.

இப்ப ஊதுபத்தி. சாயங்காலம் முன்கதவு பின்கதவு ரெண்டையும் திறந்து வச்சிட்டு, பத்திய ஏத்தி வளவு நடுவுல இடுப்பு உயரத்துல புடிங்க. புகை ஒரு பக்கமா சாஞ்சு முற்றத்துப் பக்கம் போய் மேல ஏறினா வழி திறந்திருக்கு. அப்படியே சுத்திச் சுத்தி நின்னா எங்கயோ அடைப்பு. ஒவ்வொரு அறை வாசல்லயும் மேல இருக்க வெண்டிலேட்டர் பக்கத்துலயும் இதயே பண்ணுங்க. வெண்டிலேட்டர்ல புறாவுக்குப் பயந்து அடிச்ச வலை தூசில சிமெண்ட் மாதிரி இறுகிப் போயிருக்கும், கழட்டி கழுவினாலே வித்தியாசம் தெரியும். பல வீட்டுல அட்டையோ ப்ளைவுட்டோ வச்சு ஆணி அடிச்சிருப்பாங்க, எதுக்கு அடிச்சாங்கன்னு வீட்டுல யாருக்கும் ஞாபகம் இருக்காது.

முற்றத்துக்கு மேல கண்ணாடி மாதிரி பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடுறது இப்ப ஊர் பூரா ஒரு வியாதியாப் பரவிக்கிட்டு இருக்கு. மழைத் தண்ணி, குரங்கு, திருட்டு பயம்னு காரணம் எல்லாமே நியாயமானதுதான், இல்லைங்கல. ஆனா வெயில் அந்த ஷீட் வழியா உள்ள வந்துரும், சூடான காத்து வெளிய போக முடியாது, மத்தியானம் ரெண்டு மணிக்கு மாடிச் சுத்துக்கட்டுல நிக்க முடியாது. அந்த ஷீட்டுக்கு அடியில பத்திய ஏத்திப் பாருங்க, புகை மேல போய் தட்டி, அப்படியே படுத்து நாலு பக்கமும் பரவி கீழ இறங்கி வரும். அதே வழியிலதான் சூடும் இறங்குது.

திருட்டுக்கும் குரங்குக்கும் கம்பி வலை போதும். மழைக்கு மறைப்பு வேணும்னே இருந்தா, ஷீட்ட ஓட்டு விளிம்புல இருந்து ரெண்டு மூணு அடி மேல தூக்கி, நாலு பக்கமும் திறந்து விட்டு, விளிம்பு வெளிய நீட்டிக்கிட்டு இருக்க மாதிரி போடுங்க, ஒளி ஊடுருவுறது வேணாம், வெள்ளை நிறத்துல மங்கலானது எடுங்க. ஏற்கெனவே போட்டாச்சுன்னா பிரிச்சு எறிய வேணாம், அதே ஷீட்ட கால் வச்சு உயர்த்தினா போதும்.

4. எப்பத் திறக்குறது, எப்ப மூடுறது

இதுக்குக் காசே கிடையாது, ஆனா யாரும் பண்றதில்ல. ஒன்றரை ரெண்டடி சுவர் பகல் பூரா சூட்ட மெதுவா உள்ள வாங்கி ராத்திரி வெளிய விடும். ராத்திரி ஜன்னல மூடிட்டுப் படுத்தா அந்தச் சூடு வீட்டுக்குள்ளயே தங்கி, மறுநாள் காலையில சுவர் ஏற்கெனவே சுட்டுக்கிட்டு இருக்கும், அதுமேல அன்னிக்கு வெயிலும் ஏறும்.

உள்ள ஒரு தெர்மாமீட்டர், வெளிய நிழல்ல ஒண்ணு மாட்டுங்க. வெளிய குறைவா இருந்தா திற, வெளிய அதிகமா இருந்தா மூடு. சித்திரை வைகாசில பெரும்பாலும் ராத்திரி எட்டு மணிவாக்குல திறந்து காலையில எட்டு மணிவாக்குல மூடுற மாதிரி வரும். கொசுக்கு வலை, திருட்டுக்கு கிரில் கேட், இந்த ரெண்டும் போட்டா மரக்கதவ ராத்திரி திறந்து வச்சுக்கலாம். கொசு வலை காத்தக் கொஞ்சம் குறைக்கும், அதனால மாசம் ஒருக்கா கழுவணும்.

5. மேல வெள்ளை, மேற்குப் பக்கம் நிழல்

சாயங்காலம் ஒரு 5 மணிக்கு லேசர் தெர்மாமீட்டர வச்சு எல்லா அறையிலயும் சீலிங்கையும் நாலு சுவரையும் அடிச்சுப் பாத்து எழுதுங்க. எது ரொம்ப சுடுதோ அங்கதான் காசு செலவு பண்ணணும். மாடி அறைன்னா பெரும்பாலும் சீலிங், ஓரத்து அறைன்னா மேற்குச் சுவர். பளபளன்னு இருக்க பித்தளை, கண்ணாடி மேல அடிக்காதீங்க, தப்பா காட்டும்.

மொட்டை மாடிக்கு மலிவான வழி சுண்ணாம்பு. நீத்த சுண்ணாம்ப ஒரு ராத்திரி ஊறவிட்டு, துணில வடிகட்டி, மெல்லிசா ரெண்டு மூணு கோட். தடிமனா ஒரே கோட்டுல முடிக்கிறவங்களுக்கு அது ஒரு மாசத்துல பொடிப்பொடியா கிளம்பிரும். உச்சி வெயில்ல அடிச்சாலும் அதே கதிதான், மெதுவாக் காஞ்சாத்தான் புடிக்கும், அதனால தை மாசில காலையிலயோ சாயங்காலமோ, தரைய நனைச்சிட்டு அடிங்க. சுண்ணாம்பு நீத்தும்போது கொதிக்கும், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி கட்டாயம்.

கூல் ரூஃப் பெயிண்ட் அதிக நாள் வரும், வெலையும் அதிகம். பின்னாடி கட்டின கான்கிரீட் தளத்துக்கு தாராளமா அடிக்கலாம். சுண்ணாம்புத் தளத்துக்கு ஈரத்த வெளிய விடுற வகைதானான்னு கேட்டுட்டு வாங்குங்க, ரப்பர் மாதிரி படியுற வாட்டர்ப்ரூஃப் கோட் அங்க சரிவராது. எதா இருந்தாலும் தூசியும் பாசியும் படிஞ்சா வெள்ளை வேலை செய்யாது, கோடைக்கு முன்னாடி வருஷா வருஷம் கழுவணும்.

ஓட்டு மேல பெயிண்ட் அடிக்கிறத நான் ஒத்துக்க மாட்டேன். அடுக்கி வச்ச ஓட்டுக்கு நடுவுல இருக்க காத்தே நல்லாத்தான் தடுக்குது. மாடி அறைக்குப் பலகை சீலிங் இல்லாம ஓடு நேராத் தெரிஞ்சா, கைமரத்துக்கு அடியில பளபள அலுமினிய ஃபாயில் ஷீட் அடிக்கலாம், ஆனா பளபளப் பக்கத்துக்கும் ஓட்டுக்கும் நடுவுல ஒரு இஞ்சாவது இடைவெளி விடணும், ஒட்டி அடிச்சா ஃபாயில் அடிச்சதுக்கே அர்த்தமில்ல.

மேற்கு ஜன்னலுக்கு உள்ள திரை போடுறத விட வெளிய மூங்கில் தட்டி தொங்கவிடுங்க. உள்ள போட்ட திரை சூட்ட அறைக்குள்ள வந்தப்புறம்தான் தடுக்குது, வெளிய இருக்க தட்டி சுவருக்கும் கண்ணாடிக்கும் முன்னாடியே நிறுத்திரும்.

6. வயரிங், எர்த்

கரண்ட் சாமான் எது வாங்குறதுக்கும் முன்னாடி இது. பழைய வீட்டுல மரப்பட்டை மேல ஓடுற பேட்டன் வயரிங் இன்னும் இருக்கு, இன்சுலேஷன் கையில தொட்டா உதிரும், எர்த்தே கிடையாது. அதுல போய் 1.5 டன் ஏசி மாட்டுறது தீ வைக்கிறதுக்குச் சமம், மேல பூரா தேக்கு வேற.

புது எர்த் குழி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் லீக்கானா லைன தானா அணைக்கிற சுவிட்ச்), ஒவ்வொரு கட்டுக்கும் தனி எம்சிபி (லோடு அதிகமானா தானா விழுற சுவிட்ச்), ஏசிக்கு போர்டுல இருந்து நேரா 4 ஸ்கொயர் எம்எம் வயர்ல தனி லைன். இடி மின்னல்ல வோல்டேஜ் திடீர்னு எகிறுறதுக்கு சர்ஜ் ப்ரொடெக்டர் ஒண்ணு. இதெல்லாம் யூனிட்ட மிச்சப்படுத்தாது, ஆனா அடுத்து வாங்கப்போற சாமானயும் ஆளையும் காப்பாத்தும். ஆர்சிசிபி போட்டதும் அடிக்கடி ட்ரிப் ஆனா அத எடுத்து வீசாதீங்க, பழைய லைன்ல லீக்கேஜ் இருக்குன்னு அது சொல்லுது.

எலக்ட்ரீசியன் உளி எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. முட்டைப் பூச்சு (சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கரு சேத்துத் தேய்ச்ச செட்டிநாட்டுப் பூச்சு) போட்ட சுவர வெட்டி பைப் பதிச்சா, அந்தப் பளபளப்போட திரும்பப் பூச ஆள் தேடி அலையணும், ஒட்டுப் போட்ட கோடு கடைசி வரைக்கும் தெரியும். பழைய பேட்டன் போன வழியிலயே மெல்லிசு கேசிங்ல கொண்டு போங்க, கண்ணுக்கும் உறுத்தாது.

7. ஃபேன், லைட்டு

சாதா சீலிங் ஃபேன் 70, 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் கம்மியா இழுக்குற புது வகை மோட்டார் வச்சது) 28ல இருந்து 35. ஒரு ஃபேனுக்கு 45 வாட்தானே மிச்சம்னு தோணும். நாலு குடும்பம் புழங்குற வீட்டுல 10 ஃபேன் தினம் 10 மணி நேரம் ஓடுதுன்னு வைங்க, அந்த 45 வாட்டே ஒரு நாளைக்கு 4.5 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 270 யூனிட். 600ல நின்ன பில் 330க்கு வந்துரும், அந்த 500 கோட்டுக்குக் கீழயும் வந்தாச்சு. போட்ட காசுக்கு இத விட சீக்கிரம் திரும்பத் தர்ற சாமான் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

மாட்டும்போது ரெண்டு தப்பு நடக்கும். ஒண்ணு, பழைய ரெகுலேட்டர லைன்லயே விட்டுட்டு பிஎல்டிசி ஃபேன மாட்டுறது, கொஞ்ச நாள்ல போர்டு போயிரும், கம்பெனிக்காரன் வாரண்டி இல்லம்பான். ரெகுலேட்டர கழட்டிட்டு நேரடி சுவிட்ச் குடுங்க. ரெண்டாவது உயரம். 14 அடி சீலிங்ல கூட வந்த சின்ன ராடோட மாட்டினா காத்து கட்டிலுக்கு வந்து சேராது, அப்புறம் ஃபேன் சரியில்லன்னு ஏசி வாங்குவாங்க. தரையில இருந்து எட்டு ஒன்பது அடியில இறக்கை சுத்துற மாதிரி நீள ராட் போடுங்க, உத்திரத்துல இருக்க கொக்கி தாங்குமான்னு ஆட்டிப் பாத்துட்டு.

முகப்புல இருக்க பழைய வார்ப்பு ஃபேன கழட்டி எடைக்குப் போடாதீங்க, அழகுக்கு இருக்கட்டும், ஆள் வர்றப்ப மட்டும் சுத்துங்க.

லைட்டு பத்திப் பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, எல்லாத்தையும் எல்இடி ஆக்குங்க. சர விளக்குக்கும் தேக்குத் தூண் இருக்க இடத்துக்கும் 2700 கெல்வின்னு போட்ட மஞ்சள் ஒளி வாங்குங்க, வெள்ளை வெளேர்னு போட்டா பட்டாலை ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி ஆயிரும்.

8. ஏசி: வீட்டுக்கு இல்ல, ஒரு அறைக்கு

வளவுக்கு, பட்டாலைக்கு ஏசி போட முடியுமான்னு கேக்காதீங்க. வளவச் சுத்தி இருக்க சின்ன அறையில ஒண்ண எடுங்க, கீழ்த்தளமா, மேல இன்னொரு மாடி இருக்கதா, மேற்குச் சுவர் வெளிய தெரியாததா. எல்லாரும் மாடி அறையில மாட்டத்தான் ஆசைப்படுறாங்க, அங்கதான் கூரைச் சூடு பூரா இறங்குது.

தரை அளவ மட்டும் வச்சு டன் கணக்குப் போடுறது தப்பாப் போகும். 10க்கு 12 அறை 10 அடி உயரம்னா 1200 கன அடி, அதே அறை 14 அடின்னா 1680. பெரிய ஏசி வாங்குறதுக்கு முன்னாடி 9 அடியில ஒரு தட்டுச் சீலிங் போட முடியுமான்னு பாருங்க, சுவர்ல ஓட்டை போடாம தனி ஃப்ரேம்ல நிக்கிற மாதிரி, நாளைக்கு வேணாம்னா கழட்டுற மாதிரி. ரெட்டைக் கதவுக்கு நடுவுலயும் அடியிலயும் இருக்க இடுக்குக்கு ப்ரஷ் பட்டை, வெண்டிலேட்டருக்கு கழட்டி மாட்டுற அக்ரிலிக் மூடி, இதெல்லாம் சில்லறைச் செலவு, ஆனா இத விட்டுட்டு ஏசி போட்டா வளவயும் சேத்துக் குளிர்விக்கிறீங்க.

வெளி யூனிட்ட முற்றத்துல வைக்காதீங்க. பைப் நீளம் கொறையுதுன்னு மெக்கானிக் அதத்தான் சொல்வாரு. ஒரு அறையில எடுத்த சூட்ட வீட்டு நடுவுல கொண்டுவந்து கொட்டுற வேலை அது. பக்கச் சந்துலயோ பின்கட்டுலயோ வைக்கணும். ஏசில இருந்து சொட்டுற தண்ணிய பைப் போட்டு தரைக்குக் கொண்டு போங்க, சுண்ணாம்புச் சுவர்ல வழிஞ்சா ஒரு சீசன்லயே பூச்சத் தின்னுரும். சுண்ணாம்புக் காரைல சின்ன போல்ட் புடிக்காது, நீளமான போல்ட்டாக் கேளுங்க.

லீவுக்கு வந்து இறங்கினதும் ஏசிய 18ல வச்சிட்டு ரெண்டு மணி நேரமாச்சு குளிரவே இல்லன்னு போன் பண்ணுவாங்க. ஏசி மேல தப்பு கிடையாது, மாசக்கணக்குல மூடிக் கெடந்த அறையோட சுவர் தேக்கி வச்ச சூட்ட விட்டுக்கிட்டு இருக்கு. முந்தின ராத்திரியே அந்த அறை ஜன்னலத் திறந்து ஃபேன ஓடவிடச் சொல்லுங்க. 2020 ஜனவரில இருந்து வர்ற ஸ்டார் லேபிள் ஏசியெல்லாம் ஆன் பண்ணினதும் 24லதான் நிக்கும், அதுலயே விட்டு கூட ஃபேனும் போடுங்க, ஒரு டிகிரி ஏத்தினா சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம்னு ஸ்டார் லேபிள் குடுக்குற மத்திய அரசு அமைப்பு பிஇஇயே சொல்லுது. வாங்கும்போது ஸ்டார எண்ணாம லேபிள்ல இருக்க ஐசீர் (ISEER) நம்பரப் பாருங்க, அது கூட இருந்தா கரண்ட் கம்மியா இழுக்கும், ஸ்டார் அளவுகோல அப்பப்ப இறுக்குறாங்க, கடையில கிடக்குற பழைய வருஷத்து 5 ஸ்டார் புது கணக்குக்கு 5 இல்ல.

ஏர்கூலர் பத்தியும் கேக்குறாங்க. சித்திரைல காத்து காஞ்சு கெடக்கும்போது, திறந்த ஜன்னல் பக்கத்துல வச்சா நல்லாவே வேலை செய்யும். கதவ மூடிட்டு வச்சாலோ மழை மாசத்துலயோ பிசுபிசுப்புதான்.

9. மோட்டார்

சுருக்கமா சொல்லிடுறேன். 1 எச்பி மோட்டார் மணிக்கு முக்கால் யூனிட்டுக்குக் கொறையாம இழுக்கும். டேங்க் நிரம்பி வழியிறது தெரியாம ஓடுறதுதான் பெரிய நஷ்டம், ஆட்டோ கட் போடுங்க. முன்ன விட டேங்க் நிரம்ப அதிக நேரம் ஆகுதுன்னா மோட்டார மாத்துறதுக்கு முன்னாடி ஃபுட் வால்வையும் பைப்புல உப்புப் படிஞ்சிருக்கான்னும் பாருங்க.

10. இப்ப சோலார்

மேல சொன்னதெல்லாம் முடிச்சு ரெண்டு பில் வரட்டும், அதப் பாத்துட்டு அளவு முடிவு பண்ணுங்க. நம்ம பக்கம் 1 கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட் வரும், ரெண்டு மாசத்துக்கு 240. நிழல் விழாத இடம் கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி வேணும்.

வீட்டுக் கூரை சோலாருக்கு மத்திய அரசு மானியம் தர்ற பிஎம் சூர்யா கர் திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3ம் அதுக்கு மேலயும் 78,000 ரூபாய் மானியம். உள்நாட்டு செல்லால செஞ்ச டிசிஆர் பேனலுக்குத்தான் அது, கொட்டேஷன்ல அந்த வார்த்தை இருக்கான்னு பாருங்க. மனு போடுறவர் பேரும் சர்வீஸ்ல இருக்க பேரும் ஒத்துப் போகணும், முதல்லயே பேர் மாத்தச் சொன்னது இதுக்குத்தான்.

இடம்தான் இந்த வீடுகள்ல பெரிய தலைவலி. ஓட்டு மேல வேணாம், ஏறினாலே உடையும். மெட்ராஸ் டெரஸ்ல கால் நட்டு ட்ரில் போட்டா ரெண்டாவது ஸ்டெப்ப திரும்ப ஆரம்பிக்கணும், வெயிட் கல் வச்சு நிறுத்துறதுன்னாலும் பழைய உத்திரம் தாங்குமான்னு இன்ஜினியர் பாத்துச் சொல்லணும். பின்னாடி கட்டின கான்கிரீட் பாத்ரூம் கட்டு, கார் ஷெட், இல்ல தோட்டத்துல தரையிலயே ஃப்ரேம் போட்டு நிறுத்துறது, இந்த மூணுல ஒண்ணு பெரும்பாலும் அமையும். தெற்குப் பாத்து சுமார் 10 டிகிரி சாய்வு போதும், காரைக்குடி இருக்கது 10 டிகிரி அட்சரேகைல.

நிழல மார்கழில பாருங்க, அப்பத்தான் சூரியன் தெற்க சாஞ்சு நிழல் நீளமா வடக்க விழும். முகப்பு உச்சில இருக்க பொம்மை நிழல் ஒரு பேனல்ல ஓரமா விழுந்தாலும் அந்த வரிசையோட உற்பத்தியே குறையலாம்.

கரண்ட் போனா சோலார் இருக்குல்லன்னு நம்பிப் போட்டவங்கதான் அதிகம் சண்டைக்கு வர்றாங்க. பேட்டரி இல்லாம ஈபி லைனோட சேத்து ஓடுற ஆன்கிரிட் சிஸ்டம் லைன்ல கரண்ட் போனதும் தானா நின்னுரும், கம்பத்துல வேலை பாக்குற லைன்மேன் உயிருக்காக அப்படி வச்சிருக்காங்க. பவர்கட்டுக்கு இன்வெர்ட்டர் தனியாத்தான் வேணும்.

வருஷத்துல ரெண்டு வாரம் மட்டும் திறக்குற வீட்டுக்கு சோலார் வேணாம்னு நேராவே சொல்லிருவேன், அந்தக் காச ஓட்டுல போடுங்க. ஹோம்ஸ்டே நடத்துறீங்க, இல்ல மூணு நாலு குடும்பம் நிரந்தரமா இருக்கீங்கன்னா தாராளமாப் போடலாம். பங்கு பிரிச்சு நாலு மீட்டர் இருக்க வீட்டுல எந்த மீட்டர்ல சேக்குறதுங்கிறத பேனல் வாங்குறதுக்கு முன்னாடி பேசி முடிங்க, நெட் மீட்டர் (ஈபில இருந்து வந்ததையும் சோலார்ல இருந்து ஈபிக்குப் போனதையும் கழிச்சுக் காட்டுற மீட்டர்) எந்த சர்வீஸ்ல இருக்கோ அந்த பில்லுலதான் கழியும்.

போட்டப்புறம் வேலைன்னா தூசி துடைக்கிறதுதான். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி விடியக்காலம் கழுவுங்க, சூடான கண்ணாடில பச்சத் தண்ணி ஊத்தினா விரிசல் விடலாம். போர் தண்ணி உப்பா இருக்க ஊர்ல கழுவி அப்படியே விட்டா வெள்ளைக் கறை படிஞ்சு போகவே போகாது, ரப்பர் வைப்பரால இழுத்து விட்டுருங்க.